தோளில் ஏறிய சைக்கிள்

இன்னிக்கு எபிசோடு ஒரு விளையாட்டைப் பத்தி. இன்னும் சரியா சொல்லணும்னா, அந்த விளையாட்டுல இருக்கற ஒரு விசித்திரமான விதியைப் பத்தி.

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில யார்க்‌ஷயர் டேல்ஸ்னு ஒரு மலைப்பிரதேசம் இருக்கு. செப்டம்பர் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, இலையுதிர் காலம் தொடங்குற நேரத்துல, அங்கே ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். பேரு 'த்ரீ பீக்ஸ் சைக்ளோகிராஸ்'. இங்கிள்பரோ, வெர்ன்சைட், பென்-ஒய்-கென்ட்னு மூணு மலை. மூணுமே 700 மீட்டரை ஒட்டின உயரம். மொத்த தூரம் 61 கிலோமீட்டர். அதுல 33 கிலோமீட்டருக்கு ரோடே கிடையாது. புல், பாறை, சேறு, கால் புதையுற சதுப்பு. அதிலயும் 6லேர்ந்து 8 கிலோமீட்டர் வரைக்கும் எப்பேர்ப்பட்ட கொம்பனாலயும் சைக்கிள்ல உட்கார்ந்து போக முடியாது. இறங்கணும். சைக்கிளைத் தோள்ல மாட்டிக்கிட்டு, முன்னால இருக்கற புல்லைக் கையால பிடிச்சுக்கிட்டு ஏறணும்.

வீடியோவுல பார்த்தா எறும்பு வரிசை மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கான பேர், ஒவ்வொருத்தர் முதுகுலயும் ஒரு சைக்கிள்.

பார்க்கற யாருக்கும் முதல்ல வர்ற கேள்வி: மலையில ஓட்டறதுக்குன்னே செஞ்ச மவுன்டன் பைக் கடையில கிடைக்குதே, அதைக் கொண்டுவந்தா என்ன? கொண்டுவரக் கூடாது. அதுதான் விதி. ரேஸ் சைக்கிள்ல இருக்கற மாதிரி கீழ்நோக்கி வளைஞ்ச ஹேண்டில்பார்தான் இருக்கணும். டயர் 35 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டக் கூடாதுங்கறது பல வருஷமா இருந்துவர்ற நிபந்தனை.

அதாவது, அந்த மலைக்குப் பொருத்தமில்லாத வண்டியைத்தான் கொண்டுவரணும்னு எழுதியே வச்சிருக்காங்க. ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப்போனா நூறு வருஷத்துக்கும் மேல பின்னால போக வேண்டியிருக்கு.

சிப்பாயும் குதிரைக்காரர்களும்

சைக்ளோகிராஸ் பிரான்ஸ்ல பிறந்தது. 1900ஐ ஒட்டின வருஷங்கள். டேனியல் குசோன்னு ஒரு சாதாரண ராணுவச் சிப்பாய். குதிரையில காட்டுக்குள்ள சவாரி போற அதிகாரிகளோட இவர் சைக்கிள்ல கூடவே போவாராம். அது பிடிச்சுப்போய் நண்பர்களையும் சேர்த்துக்கிட்டார். அது பந்தயமா மாறி, 1902ல் பிரான்ஸின் முதல் தேசியப் போட்டி நடந்தது. இதை வளர்த்துவிட்டதுல ஜியோ லெஃபெவ்ர்ங்கற பத்திரிகையாளருக்கும் பங்கு உண்டு. டூர் டி பிரான்ஸ் நடத்தலாம்னு முதல்ல யோசனை சொன்னவர் இவர்தான்.

எதுக்காக இந்தக் கூத்து? காரணம் ரொம்ப எளிமையானது. ரோடு பந்தயங்கள் வசந்த காலத்துலயும் கோடையிலயும் நடக்கும். இலையுதிர் காலம் வந்தா வேலை இல்லை. குளிர்ல ரோட்டுல வேகமா ஓட்டினா காத்து முகத்துல அறையும், பாதம் மரத்துப்போகும். காட்டுப் பாதையில வேகம் குறைவு. மரங்கள் காத்தைத் தடுக்கும். நடுநடுவுல இறங்கி ஓடினா காலுக்கு ரத்தம் பாயும், உடம்பு சூடாகும். ஆக, இறங்கி ஓடறது இந்த விளையாட்டுல இடைஞ்சலா வந்து சேர்ந்தது இல்லை. ஆரம்பத்திலேயே அதுவும் ஒரு பயனாதான் இருந்தது.

இதுக்கு ஒரு பெரிய விளம்பரம் 1910ல் கிடைச்சது. அந்த வருஷம்தான் டூர் டி பிரான்ஸ் முதல் தடவையா பைரனீஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்களை ஏறியது. ஜூலை 21, லூஷோனிலிருந்து பயோன் வரைக்கும் ஒரே நாள்ல 326 கிலோமீட்டர். வழியில 2,115 மீட்டர் உயரத்துல டூர்மலே கணவாய். மண் ரோடு. ஓடும்போதே கியர் மாத்தற வசதி சைக்கிள்ல கிடையாது.

அன்னிக்கு டூர்மலே உச்சியை முதல்ல தொட்டவர் ஒக்டாவ் லபீஸ். அங்கங்கே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் ஏறினார். அவருக்குப் பின்னால வந்த குஸ்தாவ் கரிகூ ஒரு இடத்துலகூட இறங்கலை. முழுசா ஓட்டியே ஏறினார்னு அவருக்கு 100 ஃபிராங்க் பரிசு கொடுத்தாங்க. ஆனா அந்த வருஷம் டூரையே ஜெயிச்சது யாரு? இறங்கித் தள்ளின லபீஸ். கரிகூ மூணாவது இடம். குளிர்காலத்துல சைக்ளோகிராஸ் ஓட்டினதுதான் தன் வெற்றிக்குக் காரணம்னு லபீஸ் சொன்னதா வரலாறு சொல்லுது.

வாரக்கடைசியில குழுவா சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. நான் ஓட்டுற குழுவுல, மேட்டுல யாராவது இறங்கித் தள்ளினா ஒரு மாதிரி பார்ப்பாங்க. தள்ளுறவரும் தலையைக் குனிஞ்சுக்குவார். டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச ஆளே தள்ளிக்கிட்டுத்தான் போனார், விடுங்கப்பா.

பலகை வச்ச கதை

அடுத்த நாற்பது வருஷத்துல இந்த ஆட்டம் பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, இத்தாலின்னு பரவியது. 1950ல் பாரிஸ்ல முதல் உலக சாம்பியன்ஷிப். ஜெயிச்சவர் ழான் ரோபிக். 1947ல் டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச அதே ரோபிக்.

ஊர் விட்டு ஊர் போன பந்தயம் மெதுவா ஒரு வட்டத்துக்குள்ள அடங்கியது. இன்னிக்கு உலக அளவிலான போட்டியில ஒரு சுற்று இரண்டரையிலிருந்து மூணரை கிலோமீட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சுத்தணும். பாதையில பெரும்பகுதி ஓட்டக்கூடியதா இருக்கணும்னு விதி. ஆனா முழுக்க ஓட்டிடவும் விடமாட்டாங்க. படிக்கட்டு இருக்கும், செங்குத்தான சேத்து மேடு இருக்கும். 40 செண்டிமீட்டர் உயரத்துல ரெண்டு பலகைத் தடுப்பு, ஒண்ணுக்கொண்ணு 4 மீட்டர் இடைவெளியில இருக்கும்.

இந்தப் பலகையைக் கவனிங்க. காட்டுல விழுந்து கிடந்த மரம் இயற்கையான தடை. பலகை அப்படி இல்லை. ஓட்டறவரை இறக்கிவிடணும்னே ஒருத்தர் சுத்தியலோட வந்து அடிச்சு வச்சது.

அதனால இறங்கறதே ஒரு கலையாச்சு. சைக்கிள்ல செயின் வலது பக்கம் இருக்கும். அதனால இடது பக்கமா இறங்குவாங்க. வேகம் குறையாம, வலது காலைப் பின்னாலேர்ந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, கால் தரையைத் தொடும்போதே ஓட ஆரம்பிச்சிருக்கணும். மேடு நீளமா இருந்தா, சட்டத்தின் முக்கோணத்துக்குள்ள வலது கையை விட்டு, மேல் குழாயைத் தோள்ல வச்சு, அதே கையால ஹேண்டில்பாரை எட்டிப் பிடிச்சுக்கணும். இடது கை வீசி ஓடறதுக்கு. தேர்ந்தவங்க செய்யும்போது எங்கே இறங்கினாங்க, எங்கே ஏறினாங்கன்னே தெரியாது.

ஆனா திறமை இருக்கற இடத்துல குறுக்குவழியும் பிறக்கும். 1989ல் பிரான்ஸின் போன்ஷாத்தோவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல, பெல்ஜியத்தின் டேனி டி பீ பலகைகிட்ட இறங்கவே இல்லை. சைக்கிளோட சேர்ந்து தாவினார். ஜெயிச்சார். பின்னாடி பி.எம்.எக்ஸ். ஓட்டிப் பழகின ஸ்வென் நைஸ் அதைத் தன் முத்திரையாவே ஆக்கிக்கிட்டார். யாரும் தடை போடலை. ஏன்னா தாவறதும் அந்த ஆளோட உடம்பு செய்யற வேலைதானே.

இந்த இடத்தை நினைவுல வச்சுக்கங்க. பின்னாடி திரும்ப வருவோம்.

பந்தயமே வேண்டாம்னவங்க

இது போட்டி போட்டவங்க கதை. இங்கிலாந்துல இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு கதை ஓடிக்கிட்டிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை ஊர்சுத்திகளோட கதை.

'வேஃபேரர்'ங்கற புனைபெயர்ல எழுதின டபிள்யூ. எம். ராபின்சன், முதல் உலகப் போர்ல கால்ல காயப்பட்டவர். 1919 மார்ச்சுல நண்பர்களோட வேல்ஸ்ல இருக்கற பெர்வின் மலைகளைப் பனிக்கு நடுவுல சைக்கிளோட கடந்தார். ஓட்டினதைவிடத் தள்ளினதும் சுமந்ததும்தான் அதிகம். அதை ஒரு சைக்கிள் பத்திரிகையில எழுதினார். படிச்ச பல பேருக்கு அது ஒரு அழைப்பு மாதிரி இருந்தது.

அந்த வழியில வந்தவங்க 1955ல் லெம்ஸ்டர்ங்கற ஊர்ல, 'பிளாக் ஸ்வான்'ங்கற விடுதியில கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்'. கரடுமுரடுக் கூட்டாளிகள்னு வச்சுக்கலாம். உலகத்துலயே பழைய ஆஃப்-ரோடு சைக்கிள் சங்கம்னு இதைத்தான் சொல்றாங்க. மவுன்டன் பைக்குங்கற சொல்லே வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி.

அவங்க எடுத்த பழைய போட்டோக்களைப் பார்த்தா சிரிப்பு வரும், பொறாமையும் வரும். விசேஷ உடுப்பு ஒண்ணும் இல்லை. ஓடைக்கு நடுவுல சைக்கிளைத் தூக்கிக்கிட்டு நிக்கறாங்க. பாறை மேல உட்கார்ந்து டீ போடறாங்க. அவங்க வட்டாரத்துல ஒரு கிண்டல் பேச்சு பிரபலம்: சைக்கிள் இல்லாம நான் வாக்கிங் போறதே கிடையாது. கூட்டத்துல சிலர் 1958ல் ஐஸ்லாந்தின் நடுப்பகுதிப் பாலைவனத்தையே சைக்கிளோட கடந்தாங்க.

இந்த ரெண்டு ஓடையும், பந்தயமும் ஊர்சுத்தலும், யார்க்‌ஷயர் மலையிலதான் ஒண்ணு சேர்ந்தது. 1959ல் ஸ்கிப்டன் ஊரைச் சேர்ந்த 14 வயசுப் பள்ளிக்கூடப் பையன் ஒருத்தன், அந்த மூணு மலையையும் சைக்கிளோட ஒரே நாள்ல ஏறி இறங்கினான். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆச்சு. சேதி பரவியது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1961ல், பிராட்ஃபோர்டு பக்கத்து சைக்கிள்காரர்கள் அதை ஒரு பந்தயமா நடத்தினாங்க. ஜெயிச்சவர் ஜான் ராண்ஸ்லி. அவர் கோப்பையோட வீட்டுக்குப் போகலை. அதுக்கப்புறம் பல பத்து வருஷம் அவரே அந்தப் பந்தயத்தை நடத்தினார்.

இன்னிக்கும் அது பெரும்பாலும் அமெச்சூர் பந்தயம்தான். வாரம் முழுக்க வேற வேலை பார்க்கறவங்க, ஞாயிற்றுக்கிழமை விசிலும், குளிர்ல மாட்டிக்கிட்டா உள்ளே புகுந்துக்கறதுக்கு ஒரு பாதுகாப்புப் பையும் எடுத்துக்கிட்டு வருவாங்க. ரெண்டும் கட்டாயம். ஏன்னா மலையில வானிலை எப்போ மாறும்னு யாராலயும் சொல்ல முடியாது. பத்து தடவைக்கு மேல இதை ஜெயிச்ச ராப் ஜெப், மலை ஓட்டப்பந்தயத்துல பேர் வாங்கினவர். சைக்கிள் பந்தயத்துல ஓட்டக்காரர் ஜெயிக்கறார்னா, அது என்ன மாதிரிப் பந்தயம்னு உங்களுக்கே புரியும்.

சரியான வண்டி வந்தது

இப்போ அந்த விதிக்கு வருவோம். 1974 டிசம்பர்ல கலிஃபோர்னியாவின் மில் வேலியில ஒரு சைக்ளோகிராஸ் பந்தயம். குப்பர்டினோவுலேர்ந்து சில இளைஞர்கள் பழைய காலத்துத் தடிமனான டயர் சைக்கிள்களோட வந்திருந்தாங்க. அதுல கியர் மாத்தற அமைப்பை அவங்களே பொருத்தியிருந்தாங்க. அதை உன்னிப்பா கவனிச்ச உள்ளூர்க்காரர்கள்ல ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் மாதிரி ஆட்கள் இருந்தாங்க. மவுன்டன் பைக்கை உருவாக்கினவங்கன்னு பின்னாடி பேர் வாங்கினவங்க அவங்கதான். அதாவது, சைக்ளோகிராஸைப் பழசாக்க வந்த வண்டிக்கு விதை விழுந்ததுல ஒரு சைக்ளோகிராஸ் பந்தயத்துக்கும் பங்கு உண்டு.

மவுன்டன் பைக் வந்ததும், இறங்க வேண்டிய இடம் குறைஞ்சது. தடிமனான டயர், ஷாக் அப்சார்பர், சின்ன கியர். லபீஸ் தள்ளின மேட்டையெல்லாம் உட்கார்ந்துக்கிட்டே ஏறலாம். எனக்கு அதுல ஒரு புகாரும் இல்லை. உள்ளூர் சைக்ளோகிராஸ் லீக்குகள் பலதுல புதுசா வர்றவங்க மவுன்டன் பைக்கோடயும் கலந்துக்கலாம். வீட்டுல இருக்கற வண்டியோட வா, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்ங்கறது நல்ல மனசு.

ஆனா மேல்மட்டத்துல விதிகள் இறுகின. உலகப் போட்டிகள்ல டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. த்ரீ பீக்ஸ்ல 35. வண்டி எவ்வளவு வேலை செய்யலாம், ஆள் எவ்வளவு செய்யணும்னு ஒரு கோடு போடறாங்க. அந்தக் கோடு எதுக்குன்னு 2016 ஜனவரியில எல்லாருக்கும் புரிஞ்சது. பெல்ஜியத்தின் ஸோல்டர்ல உலக சாம்பியன்ஷிப். 19 வயசு வீராங்கனை ஒருத்தருக்காக வச்சிருந்த சைக்கிளின் சட்டத்துக்குள்ள ஒரு மோட்டார் ஒளிச்சு வச்சிருந்தது. அந்த வண்டி தன்னுடையது இல்லை, நண்பருடையதுன்னு அவர் சொன்னார். ஆறு வருஷத் தடையும், 20,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதிச்சாங்க.

டேனி டி பீ தாவினதையும் இந்த மோட்டாரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுமே மேட்டையும் பலகையையும் லேசாக்கற வேலைதான். முதலாவது மனுஷன் கத்துக்கிட்டது. ரெண்டாவது மனுஷனையே தேவையில்லாம ஆக்கறது. 35 மில்லிமீட்டர்ங்கறது இந்த ரெண்டுக்கும் நடுவுல போட்ட ஒரு வேலி.

எல்லா விதியும் நல்ல விதி இல்லை

பழசைக் கட்டிக்கிட்டு அழறதுதானே இதுன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஏன்னா இதே விளையாட்டுல வேற மாதிரி விதிகளும் இருந்திருக்கு. ஆண்களுக்கு உலக சாம்பியன்ஷிப் 1950ல் ஆரம்பிச்சது. பெண்களுக்கு? 2000ல். அரை நூற்றாண்டு கழிச்சு. நெதர்லாந்துல நடந்த அந்த முதல் போட்டியை ஜெர்மனியின் ஹங்கா குப்ஃபர்நாகல் ஜெயிச்சார். ஐம்பது வருஷம் கதவைச் சாத்தி வச்சதையும் அந்தக் காலத்துல 'மரபு'ன்னுதான் சொல்லியிருப்பாங்க.

அதனால நான் இப்படிப் பிரிச்சுப் பார்க்கறேன். வண்டிக்குப் போடற வரம்பு, ஓட்டறவங்களை ஒரே கோட்டுல நிறுத்தும். ஆளுக்குப் போடற வரம்பு, சிலரைக் கோட்டுக்கே வரவிடாது. முதலாவதைக் காப்பாத்தலாம். ரெண்டாவதை உடைச்சதுக்கு ஒரு வருத்தமும் வேண்டாம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. அது நிலம். இங்கிலாந்துல நடைபாதைன்னு குறிச்ச கிராமப் பாதையில சைக்கிள் ஓட்ட உரிமை கிடையாது. குதிரைப் பாதைகள்ல சைக்கிளுக்கு அனுமதி கிடைச்சதே 1968ல் வந்த கிராமப்புறச் சட்டத்தாலதான். அதுவும் நடக்கறவங்களுக்கும் குதிரைக்கும் வழிவிடணும்ங்கற நிபந்தனையோட. த்ரீ பீக்ஸ் பாதையில ஒரு பகுதி தனியார் நிலம். ஆடு மேய்க்கற விவசாயிகள் பந்தயத்தன்னிக்கு மட்டும் வழிவிடறாங்க. மத்த நாள் பயிற்சிக்குக்கூட அங்கே சைக்கிளோட போகக் கூடாது.

2001ல் பிரிட்டன் முழுக்கக் கோமாரி நோய் பரவியது. 60 லட்சத்துக்கும் மேலான ஆடு மாடுகளைக் கொல்ல வேண்டிவந்தது. கிராமப் பாதைகளை மூடினாங்க. அந்த வருஷம் பந்தயம் நடக்கலை. நோய் சைக்கிள் டயர்ல ஒட்டின சேறு வழியாவும் பரவலாம். ஒரு விவசாயியோட மொத்தப் பிழைப்புக்கு முன்னால ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் பெருசா என்ன?

வாரக்கடைசியில காடு மேடுன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கிளம்புற நாம யோசிக்க வேண்டிய இடம் இதுன்னு நினைக்கறேன். நாம ஓட்டற பாதை யாரோ ஒருத்தர் தினமும் வேலைக்குப் போற பாதை, இல்லைன்னா யாரோ ஒருத்தரோட மேய்ச்சல் நிலம். இன்னும் வலுவான வண்டி வாங்கினா இன்னும் உள்ளே போகலாம், உண்மைதான். அங்கே போக நமக்கு வழிவிட்டிருக்காங்களாங்கற கேள்விக்கு வண்டி பதில் சொல்லாது.

கடைசியா ஒண்ணு. த்ரீ பீக்ஸ்ல முதல் மலைக்கு ஏறற சரிவுக்கு சைமன் ஃபெல்னு பேரு. மூணு மணி நேரத்துக்குள்ள பந்தயத்தை முடிக்கற ஆளும் அங்கே இறங்கித்தான் ஏறணும். சாயங்காலம் கடைசியா வந்து சேர்ற ஆளும் அதே இடத்துல, அதே புல்லைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறணும். அமெச்சூர் விளையாட்டுல எனக்குப் பிடிச்சதே இதுதான்.

அடுத்த தடவை மேட்டுல இறங்கித் தள்ளும்போது லபீஸை நினைச்சுக்கங்க. கூட வர்ற யாராவது தலையைக் குனிஞ்சா, அவருக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.